கணப்பு உலையின் ஆயுள்

குளிருக்கு அஞ்சத் தேவையில்லாத நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். மார்கழி விடியலில் ஒரு கம்பளிப் போர்வை கிடைத்தால் அதுவே எங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. வீட்டுக்குள் நெருப்பு என்றால் அடுக்களை அடுப்புத்தான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட ஒருவன், வீடு முழுவதையும் சூடாக்கும் எரிவாயு உலையைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்த வியப்பைப் போக்கிவிட்டே வரலாற்றுக்குள் நுழைகிறேன்.

பணியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டு, அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அது 2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அம்மாதம் 30ஆம் நாள் அந்நகரின் வெப்பநிலை பாரன்ஹீட் அளவையில் பூச்சியத்துக்குக் கீழ் 28 டிகிரி வரை இறங்கியது. சென்டிகிரேடில் சொன்னால், பனிக்கட்டி உறையும் நிலைக்குக் கீழே 33 டிகிரி. அத்தகைய குளிரில் மனிதன் உயிரோடிருப்பதே வீட்டின் நிலவறையில் எரியும் உலையின் தயவால்தான்.

அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, உலையில் ஏதோ ஒலி மாறிக் கேட்கிறதென்று மருமகன் ஒரு பழுது நீக்குநரை வரவழைத்தார். வந்தவர் மெல்லிய கேமரா ஒன்றை உலையின் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் எரிவாயுக் குழாயின் அடைப்பைத் திருப்பி மூடினார். உலைக்கு அப்போது வயது 22. "வெப்பமாற்றியில் விரிசல் கண்டிருக்கிறது. இதை இனி நான் ஏற்றி வைக்க முடியாது, வேறு உலைதான் வாங்க வேண்டும்" என்றார்.

என் பேத்திக்கு அப்போது வயது ஒன்பது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, அது நன்றாகத்தானே எரிந்துகொண்டிருந்தது? எரிகிற அடுப்பை ஏன் செத்துப்போயிற்று என்கிறார்?" என்று கேட்டாள். நாற்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் எத்தனையோ வினாக்களுக்கு விடை சொன்னவன் நான். இதற்கு உடனே விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அண்டை வீட்டார் தந்துதவிய மின் கணப்புகளைச் சுற்றி நாங்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் தேடத் தொடங்கிய விடைதான் இந்தப் பேச்சு.

மாணவர்களே! நெருப்பை வீட்டுக்குள் கொண்டுவந்த நாள் முதல் மனிதனுக்கு இரண்டு கவலைகள் இருந்து வருகின்றன. சூடு உள்ளே தங்க வேண்டும்; புகை வெளியே போக வேண்டும். கணப்பு உலையின் வரலாறு முழுவதையும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கிவிடலாம்.

இதற்கு ரோமானியர் கண்ட வழி வியப்பூட்டுவது. சிறு சிறு தூண்களை நிறுத்தி, அவற்றின்மேல் தரையைப் பாவினார்கள். கட்டடத்தின் ஓரத்தில் ஓர் உலை எரியும். அதன் சூடான காற்றும் புகையும் தரைக்கு அடியில் பரவிச் சுவரில் பதித்த குழாய்களின் வழியே மேலே போகும். நடப்பவன் காலுக்குச் சூடு கிட்டும். கண்ணுக்குப் புகை தெரியாது. விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர் இம்முறையைத் தம் நூலில் விளக்கியிருக்கிறார். ரோமப் பேரரசு மேற்கில் வீழ்ந்தபின் இக்கலையும் அங்கே பெரும்பாலும் மறைந்தது. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் சுவரில் குடைந்த திறந்த அடுப்பின் முன் அமர்ந்து, முகம் சூடாகவும் முதுகு குளிராகவும் காலம் கழித்தனர். எரித்த விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போயிற்று.

அமெரிக்காவில் இந்த வீணடிப்பைக் கண்டு வருந்தியவர் பெஞ்சமின் பிராங்க்ளின். குறைந்த விறகில் மிகுந்த சூடு தரும் இரும்பு அடுப்பு ஒன்றை அவர் அமைத்து, 1744இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அதற்கு அரசாங்க உரிமம் பெற்றுக்கொள்ளும் வாய்ப்பு வந்தபோது, பிறருடைய கண்டுபிடிப்புகளால் நாம் பயன் பெறுகிறோம், நம்முடையதையும் பிறருக்கு மனமுவந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லி அதை மறுத்துவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெருப்பு அறையை விட்டு நிலவறைக்கு இறங்கியது. வீட்டுக்கு அடியில் பெரிய வார்ப்பிரும்பு உலை, அதற்குள் நிலக்கரி, அதிலிருந்து நாற்புறமும் பருத்த காற்றுக்குழாய்கள். சூடான காற்று இலேசானது, ஆதலால் தானே மேலே ஏறும். குளிர்ந்த காற்று கனமானது, ஆதலால் தானே கீழே இறங்கும். விசிறி எதுவும் இல்லை. குழாய்கள் கைகளைப்போல் விரிந்து கிடந்ததால் பிற்காலத்தார் இவ்வுலையை 'எட்டுக்கால் பிராணி' என்று எண்காலியின் பெயரிட்டு அழைத்தார்கள்.

வார்ப்பிரும்பு உலைக்கு ஒரு குறை இருந்தது. ஓயாது சூடேறி ஆறியதால் அதன் உறுப்புகள் நெளிந்து, இணைப்புகள் விலகும். அந்த இடுக்குகளின் வழியே கரிப்புகை வீட்டுக்குள் வந்துவிடும். அயோவா மாநிலத்து மார்ஷல்டவுனில் இயந்திரத் தொழிற்கூடம் வைத்திருந்த டேவ் லெனாக்ஸ் என்பவர், எஃகுத் தகடுகளை ரிவெட் ஆணிகளால் இறுக்கிச் செய்த உலையை 1895இல் உருவாக்கி விற்கத் தொடங்கியது இக்குறையைத் தீர்க்கத்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பழைய உலையில் பிளவு ஏற்பட்டால் திரைச்சீலை கறுத்தது, மூக்கு எரிந்தது, இருமல் வந்தது. உலை தன் நோயைத் தானே எடுத்துச் சொல்லிற்று.

அது மட்டுமன்று. நிலக்கரி உலை நாள்தோறும் மனிதனைத் தன்னிடம் வரவழைத்தது. காலையில் கரி வாரிப் போட வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும். இரவில் தணலைச் சாம்பலால் மூடி வைக்க வேண்டும். இது கடினமான வேலைதான். ஆயினும் வீட்டுக்காரர் நாளைக்கு இரண்டு மூன்று முறை உலையின் முகத்தில் விழித்தார். அதில் எந்த மாறுதல் ஏற்பட்டாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

இந்த வேலையைக் குறைக்க முற்பட்டவர்களுள் ஓர் ஆசிரியரும் உண்டு என்று சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே வாரன் ஜான்சன் என்பவர் ஆசிரியராக இருந்தார். அக்கல்லூரியின் ஊழியர் அவ்வப்போது ஒவ்வொரு வகுப்பறையாக நுழைந்து, அறை சூடாக இருக்கிறதா, குளிராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிலவறைக்குப் போய் உலையின் காற்றுவழியைத் திறப்பார் அல்லது மூடுவார். பாடம் நடுவில் தடைப்படும். கதவு திறந்து ஒருவர் எட்டிப் பார்த்தால் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்த அனுபவம். ஜான்சன், அறையின் வெப்பநிலையை நிலவறையில் உள்ளவருக்கு மின்சாரத்தால் அறிவிக்கும் கருவியைச் செய்து 1883இல் உரிமம் பெற்றார். இரண்டாண்டு கழித்து மில்வாக்கி நகரில் இதற்கென்றே ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார்.

அதே 1885இல், என் மகள் வாழும் மினியாபொலிஸ் நகரிலேயே, ஆல்பர்ட் பட்ஸ் என்பவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அறை குளிர்ந்தால் தானாகவே உலையின் காற்றுவழி திறக்கும். போதிய சூடு வந்ததும் தானாகவே மூடும். நடுவில் மனிதன் வேண்டியதில்லை. இன்று ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் உள்ள தெர்மோஸ்டாட் கருவியின் முன்னோடிகள் இவை.

இனி எரிவாயுவின் கதைக்கு வருவோம். நிலக்கரியிலிருந்து வாயு எடுத்து, 1792இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் தம் வீட்டுக்கு விளக்கேற்றினார் வில்லியம் மர்டாக். 1812இல் இலண்டனில் எரிவாயு வழங்க ஒரு கம்பெனி அரச சாசனம் பெற்றது. அமெரிக்காவிலோ, 1820களில் நியூயார்க் மாநிலத்துப் பிரிடோனியா என்னும் சிற்றூரில் வில்லியம் ஹார்ட் என்பவர் கிணறு தோண்டி நிலத்தடி வாயுவை விளக்குக்குப் பயன்படுத்தினார். ஆக, எரிவாயு முதலில் ஒளி தரவே வந்தது. அதன் மஞ்சள் சுடர் கரி படியச் செய்தது. வெப்பம் தருவதற்கு அது ஏற்றதாக இல்லை.

அந்தச் சுடரை நீலமாக மாற்றியது உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் அன்றாடம் காணும் ஒரு சிறு கருவி. 1855இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன், கருவி செய்வதில் வல்லவரான பீட்டர் டெசாகாவின் துணையோடு புன்சன் அடுப்பை உருவாக்கினார். வாயு எரிவதற்கு முன்பே அதோடு காற்றைக் கலந்துவிட்டால், சுடர் நீலமாகிறது; சூடு மிகுகிறது; கரி படிவதில்லை. வீட்டு உலையில் வரிசையாக எரியும் நீலச் சுடர்கள் அனைத்தும் புன்சன் அடுப்பின் வழி வந்தவையே.

நியூஜெர்சி மாநிலத்து மோரிஸ்டவுனில் வாழ்ந்த ஆலிஸ் பார்க்கர் என்னும் பெண்மணி 1919 டிசம்பர் 23இல் பெற்ற உரிமம் இவ்வரலாற்றில் மறக்கத் தகாதது. ஒரே உலையில் தனித்தனியே கட்டுப்படுத்தத் தக்க பல எரிவாயு எரிமுனைகள். ஒவ்வொன்றும் தன் குழாய் வழியே வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் சூடான காற்றை அனுப்பும். வீடு முழுவதும் ஒரே அளவு சூடு வேண்டியதில்லை, வேண்டிய அறைக்கு வேண்டிய அளவு போதும் என்பது அவர் கருத்து. இன்றும் பொறியியலார் பாராட்டும் கருத்து அது.

கருவி இருந்தும் வாயு எல்லா ஊருக்கும் எட்டவில்லை. வாயு கிடைத்த இடம் டெக்சாஸ் முதலிய தென் மாநிலங்கள். குளிர் நடுக்கியது வட மாநிலங்களில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தன. அதனால் டெக்சாஸிலிருந்து கீழைக் கடற்கரை வரை ஆயிரம் மைலுக்கு மேல் இரண்டு பெருங்குழாய்களை அரசாங்கம் பதித்தது. 'பெரிய அங்குலம்', 'சிறிய பெரிய அங்குலம்' என்பன அவற்றின் வேடிக்கைப் பெயர்கள். போர் முடிந்தபின் 1947இல் அவை விற்கப்பட்டு, எண்ணெய்க்குப் பதில் எரிவாயுவைக் கொண்டுசென்றன. அதன் விளைவை மக்கள்தொகைக் கணக்கிலேயே காணலாம். 1940இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 55 நிலக்கரியால் சூடாக்கப்பட்டன; எரிவாயுவால் 11 மட்டுமே. 1970இல் எரிவாயு வீடுகள் நூற்றுக்கு 55 ஆயின. நிலக்கரி வீடுகள் மூன்றாகச் சுருங்கின. முப்பதே ஆண்டுகளில் கரி வாரியும் சாம்பற்கூடையும் பழங்கதையாயின.

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். பள்ளித் தலைமையாசிரியனாக இருந்த எனக்கு இதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது.

டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்றோர் ஊர். எண்ணெய் வளத்தால் செழித்த ஊராகையால் அங்கே பெரிய பள்ளிக் கட்டடம் எழுந்தது. அறைதோறும் எரிவாயுக் கணப்புகள் வைத்தார்கள். செலவைக் குறைக்கும் பொருட்டு, எண்ணெய் வயலில் மிஞ்சி வீணாகும் வாயுவை ஒரு குழாயிலிருந்து இணைத்துக்கொண்டார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது எங்கோ கசிந்து கட்டடத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் சேர்ந்தது. 1937 மார்ச் 18ஆம் நாள் பிற்பகல், பள்ளி விடச் சில நிமிடங்களே இருந்தபோது, ஒரு மின் கருவியிலிருந்து தெறித்த பொறி அதைப் பற்றவைத்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டார்கள்.

அவ்வாண்டே டெக்சாஸ் அரசு எரிவாயுவில் நாற்றப் பொருள் கலக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. பிற இடங்களிலும் இவ்வழக்கம் பரவியது. இன்று சமையல் வாயு கசிந்தால் அழுகிய முட்டைபோல் நாறுகிறதே, அது வாயுவின் இயற்கை மணமன்று. மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மங்களின் நாற்றம். நம் அடுக்களையிலும் நம்மைக் காக்கும் அந்த நாற்றத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது.

இங்கே வரலாறு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. நிலக்கரி தன் குறையைப் புகையால் சொன்னது. எரிவாயு அந்தப் புகையை ஒழித்தது. கூடவே எச்சரிக்கையையும் ஒழித்துவிட்டது. ஒழிந்த எச்சரிக்கையை மனிதன் தன் அறிவால் மீண்டும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு வசதி வரும்போது எந்த எச்சரிக்கை போகிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

இப்போது என் பேத்தியின் வினாவுக்கு வருகிறேன். எரிவாயு உலையின் உள்ளே நிகழ்வது என்ன? நீலச் சுடர்கள் ஓர் உலோக அறைக்குள் எரிகின்றன. எரிந்த வாயு அந்த அறையைக் கடந்து புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. வீட்டுக் காற்றை ஒரு விசிறி இழுத்து, அதே உலோக அறையின் வெளிப்புறத்தைத் தழுவிச் செல்லும்படி ஊதுகிறது. சுவரின் உட்புறம் நச்சுக் காற்று. வெளிப்புறம் நாம் மூச்சு விடும் காற்று. நடுவில் இருப்பது மெல்லிய தகடு ஒன்றே. இதற்குத்தான் வெப்பமாற்றி என்று பெயர்.

உலை ஒவ்வொரு முறை எரியும்போதும் இத்தகடு விரிகிறது, அணையும்போது சுருங்குகிறது. ஒரு குளிர்காலத்தில் இது பல்லாயிரம் முறை நிகழும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் அது முறிகிறதல்லவா? அதுபோலவே தகடும் களைத்து விரிசல் விடுகிறது. தூசு அடைத்த வடிகட்டியை மாற்றாமல் விட்டால் காற்றோட்டம் குறைந்து தகடு மிகையாகக் காயும். களைப்பு விரைவில் வரும். வீட்டின் தேவைக்கு மிஞ்சிய பெரிய உலை சில நிமிடம் எரிந்து உடனே அணையும், மீண்டும் எரியும். அதனாலும் ஆயுள் குறையும். நன்கு பேணிய எரிவாயு உலை பொதுவாக 15 முதல் 20 ஆண்டு உழைக்கும் என்பர். பேணியவர் வீட்டில் அதற்கு மேலும் உழைத்ததுண்டு. பேணாதவர் வீட்டில் பத்தாண்டிலேயே முடிந்ததும் உண்டு.

பற்றவைக்கும் பொறி கெட்டால் மாற்றலாம். விசிறி மோட்டார் எரிந்தால் மாற்றலாம். வெப்பமாற்றி விரிந்தால் பெரும்பாலும் உலையையே மாற்றுகிறார்கள். அந்த விரிசலால் சுடர் கலைந்து வாயு அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு பிறந்து வீட்டுக் காற்றில் கலக்கக்கூடும். நம் குருதியில் உயிர்வளியை ஏந்திச் செல்லும் ஹீமோகுளோபினை, உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அந்த நஞ்சு பிடித்துக்கொள்கிறது. அதற்கு மணமில்லை. எரியாத வாயுவில் நாம் கலந்த நாற்றப் பொருளோ சுடரில் எரிந்துபோய்விடுகிறது. நியூ லண்டன் தந்த எச்சரிக்கை இங்கே உதவாது. அதனால்தான் கார்பன் மோனாக்சைடு அறிவிப்பானை வீட்டில் மாட்டவும், ஆண்டுக்கொரு முறை உலையைத் திறந்து பார்க்கவும் சொல்கிறார்கள். நிலக்கரிக் காலத்தவர் நாள்தோறும் பார்த்த உலையை, எரிவாயுக் காலத்தவர் ஆண்டுக்கொரு முறையாவது பார்க்க வேண்டாமா?

ஆகவே பேத்திக்கு நான் சொன்ன விடை இது: "அம்மா, எரிவது மட்டும் உலையின் வேலையன்று. நெருப்பையும் நம் மூச்சையும் பிரித்து வைப்பதும் அதன் வேலை. இரண்டாவது வேலையை அது செய்ய முடியாத நாளில் அதன் ஆயுள் முடிந்தது."

உலைகளுக்கு இன்னொரு வகை முடிவும் உண்டு. உடல் நன்றாக இருக்கும். காலம் அதைத் தாண்டிப் போய்விடும். 1940களிலும் 1950களிலும் பலர் பழைய நிலக்கரி உலைக்குள்ளேயே எரிவாயு எரிமுனையைப் பொருத்திக்கொண்டார்கள். அந்த வார்ப்பிரும்பு உடல்கள் ஐம்பது ஆண்டுக்கு மேலும் நின்றன. ஆனால் எரித்த வாயுவின் சூட்டில் பெரும்பங்கைப் புகைபோக்கிக்குக் காணிக்கை ஆக்கின. வாயு மலிவாக இருந்தவரை இதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1977 ஜனவரியின் கடுங்குளிரில் எரிவாயுத் தட்டுப்பாடு நேர்ந்து, ஒஹையோ முதலிய மாநிலங்களில் பள்ளிகளும் ஆலைகளும் மூடப்பட்டபோதுதான் நாடு விழித்துக்கொண்டது. பிப்ரவரி 2ஆம் நாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கம்பளிச் சட்டையோடு தொலைக்காட்சியில் தோன்றி, பகலில் 65 டிகிரியும் இரவில் 55 டிகிரியும் போதுமாக்கிக்கொள்ளும்படி மக்களை வேண்டினார்.

1987இல் அமெரிக்காவில் வீட்டுக் கருவிகளின் எரிசக்திச் சிக்கனச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1992 முதல் புதிய எரிவாயு உலைகள், எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 78 பங்கையேனும் ஆண்டுச் சராசரியில் வீட்டுக்குத் தர வேண்டும் என்றாயிற்று. இதற்கிடையே 1980களில் புதுவகை உலைகள் கடைக்கு வந்திருந்தன. மீத்தேன் எரிந்தால் கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகிறது என்று வேதியியலில் படித்திருப்பீர்கள். அந்த நீராவி புகையோடு வெளியே போகும்போது மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையும் மறை வெப்பமாகக் கொண்டுபோகிறது. புதிய உலையில் இரண்டாவது வெப்பமாற்றி ஒன்று உண்டு. அதில் நீராவி குளிர்ந்து நீராக வடிகிறது. மறை வெப்பம் வீட்டுக்குக் கிடைக்கிறது. இத்தகைய உலைகள் நூற்றுக்கு 90 முதல் 98 பங்கு வரை வெப்பம் தருகின்றன. புகை மிகவும் ஆறிப்போவதால் அதைப் பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேற்றலாம். வடியும் நீர் சற்றே அமிலத் தன்மை உடையது. ஆதலால் உள்ளே துருப்பிடிக்காத எஃகு முதலிய உலோகங்கள் தேவை. அந்நீர் போகத் தனி வடிகாலும் வேண்டும்.

எங்கள் வீட்டில் புதிய உலை தேர்ந்த கதையைச் சொல்லி முடிக்கிறேன். முதலில் வந்த விற்பனையாளர் நிலவறைக்கு இறங்கினார். பழைய உலையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். மணிக்கு 1,20,000 பி.டி.யூ. என்று அதில் இருந்தது. ஒரு பவுண்டு நீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்கும் வெப்பம் ஒரு பி.டி.யூ. ஆகும். "இதே அளவு அல்லது இதைவிடப் பெரியது வைத்துவிடலாம், இன்றே கையெழுத்திட்டால் நாளைக் காலை வேலை முடியும்" என்றார். குளிரில் நடுங்குகிறவன் எதற்கும் கையெழுத்திடுவான். என் மருமகனும் பேனாவை எடுத்துவிட்டார். "மாப்பிள்ளை, ஒரு நாள் பொறுப்போம். இவர் வீட்டை அளக்கவே இல்லையே" என்றேன்.

இரண்டாவதாக வந்தவர் வீட்டை அளந்தார். சுவர்களின் பரப்பு, சன்னல்களின் எண்ணிக்கை, கூரைக்கு அடியில் போட்டிருந்த வெப்பத்தடுப்பின் கனம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வீட்டின் முந்தைய உரிமையாளர் கூரையடியில் தடுப்புப் போட்டிருந்ததால், மிகக் கடுங்குளிர் நாளிலும் மணிக்கு 50,000 பி.டி.யூ. அளவே வீடு இழக்கிறது என்று கணக்கிட்டார். பழைய உலை தேவைக்கு ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாக இருந்திருக்கிறது. மிகை அளவே அதன் ஆயுளைக் குறைத்திருக்கவும் கூடும். இறுதியில் 60,000 பி.டி.யூ. கொண்ட, நூற்றுக்கு 96 பங்கு வெப்பம் தரும் உலையை வாங்கினார்கள். இன்னொன்றையும் அவர் கவனித்தார். அதுவரை உலையும் வெந்நீர்க் கொதிகலனும் ஒரே புகைபோக்கியைப் பயன்படுத்தின. உலை விலகிவிட்டால், கொதிகலனின் சிறிதளவு புகைக்கு அந்தப் பெரிய புகைபோக்கி பொருந்தாது. புகை மேலே ஏறாமல் திரும்பக்கூடும். எனவே புகைபோக்கிக்குள் சிறிய குழாய் ஒன்றையும் பதிக்கச் செய்தார்.

சிக்கனமான உலைக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்பதை ஒரு கணக்கால் பார்ப்போம். பழைய உலை நூற்றுக்கு 80 பங்கு வெப்பம் தருவது. ஆண்டு எரிவாயுச் செலவு 900 டாலர் எனக் கொள்வோம். 96 பங்கு தரும் உலையில் அதே சூட்டுக்கு 750 டாலர் போதும்; மிச்சம் 150. கூடுதல் விலை 1,500 டாலர் என்றால் பத்தாண்டில் அது திரும்பி வரும். உலையின் ஆயுளோ 15 முதல் 20 ஆண்டு; ஆகவே வாங்குவது தகும். அதே குடும்பம் வெப்பமான தென் மாநிலத்தில் வாழ்ந்து ஆண்டுக்கு 300 டாலரே செலவிட்டால் மிச்சம் 50 தான்; விலை திரும்ப முப்பது ஆண்டு ஆகும். அதற்குள் உலையே முடிந்துபோகும். ஊரையும் ஆயுளையும் சேர்த்துப் பார்க்காமல் சிக்கனம் என்ற சொல்லை மட்டும் நம்புவதில் பொருளில்லை.

எரிவாயு உலையும் என்றும் நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இறைக்கும் வெப்ப எக்கிகள் 2022இல் அமெரிக்காவில் எரிவாயு உலைகளைவிட மிகுதியாக விற்பனையாயின. விறகுக்குப் பின் கரி, கரிக்குப் பின் வாயு, வாயுவுக்குப் பின் மின்சாரம் என்று வரலாறு நடக்கிறது. புகையும் சுடரும் இல்லாத அந்தக் கருவியும் தன் குறையைத் தானே சொல்லாது. அதையும் யாரேனும் திறந்து பார்த்தாக வேண்டும்.

புதிய உலை எரியத் தொடங்கிய மாலையில், அதன் பக்கத்தில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டோம். உலை வைத்த நாள், வடிகட்டி மாற்ற வேண்டிய மாதங்கள், ஆண்டுச் சோதனைக்குரிய நாள் ஆகியவற்றைப் பேத்தி தன் கையால் எழுதினாள். கடைசி வரியாக, '15 ஆண்டு ஆனதும் புதிய உலைக்குக் கணக்குப் பார்க்கவும்' என்றும் எழுதச் சொன்னேன். "குளிர் வருவதற்கு முன்பா, தாத்தா?" என்று கேட்டாள். "ஆம் அம்மா, கோடையிலேயே" என்றேன். அதையும் சேர்த்து எழுதிக்கொண்டாள்.